தேனீக் குடி பிரிதலும் இராணியின் நிலையும்

தேனீக் கூட்டத்திலுள்ள பெரிய பெண் தேனீயை இராணி என்று அழைப்பது உலக வழக்கு. பண்டைக் கிரேக்க நாட்டு அறிஞரான அரிஸ்டாட்டில் அதனைக் கூட்டத்தின் தலைவன் என்ற பொருளிலேயே குறிப்பிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு விஞ்ஞானியாகிய ஸ்வாமர்டாம் அதன் உடலை அறுத்து ஆராய்ந்து, உள்ளே சூற்பைகள் இருக்கக் கண்டார். அரசன் அரசியானான், ஆயினும் ஆட்சி என்ற எண்ணம் மட்டும் மக்கள் மனத்தை விட்டு நீங்கவில்லை. இன்றும் தேனீ வளர்ப்போர் களப் பணியாளரிடம் வந்து கூறும் முறையீடு, "இராணி கூட்டத்தை அழைத்துக்கொண்டு போய்விட்டது" என்பதேயாகும். உண்மையில் கூட்டம் யார் விருப்பப்படி புறப்படுகிறது, அதனை முன்னரே அறிந்துகொள்ள இயலுமா என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

இங்கு நாம் கருதுவது மரப் பொந்திலும் சுவர்ப் பொந்திலும் பல அடைகளை அடுக்காகக் கட்டி வாழும் இந்தியத் தேனீயாகும். தமிழில் இதனை அடுக்குத் தேனீ என்பர். மலையாளத்தில் ஞொடியல் என்று வழங்குவர். திருவனந்தபுரத்தில் இக்கட்டுரையாளர் வாழும் ஸ்ரீவராகம் போன்ற பழைய குடியிருப்புகளில், தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடுவதால், இத்தேனீக்கு மகரந்தப் பஞ்சம் பெரிதாக ஏற்படுவதில்லை. பழைய சுவர்களின் பொந்துகள் அதற்கு வீடாகின்றன. நகருக்குத் தெற்கே வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியில் தேனீக்களைப் பற்றிய அகில இந்திய ஆராய்ச்சித் திட்டத்தின் நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. தென்கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றால் மார்த்தாண்டம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் நாள் வரை திருவனந்தபுரமும் மார்த்தாண்டமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. இன்று மாநிலங்கள் வேறு. தேனீக்களுக்கும் அவற்றின் பருவங்களுக்கும் அந்த எல்லை தெரியாது.

சட்டங்களை எடுத்துப் பார்க்கக்கூடிய பெட்டி நம் பகுதிக்கு வந்த பிறகே கூட்டத்தின் உட்புற வாழ்க்கையைச் சாதாரண உழவனும் காண முடிந்தது. இந்தியத் தேனீயின் சிறிய உடலுக்கேற்ற பெட்டியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் நியூட்டன் பாதிரியார் அமைத்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்திய அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச், சிறு நிலமுடைய குடும்பங்களுக்கு உபதொழிலாகத் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். அன்று முதல் இத்தொழில் தென் திருவிதாங்கூர் மண்ணில் வேரூன்றியது.

இத்தொழிலின் இலாப நஷ்டத்தைத் தீர்மானிப்பது ரப்பர் மரம். டிசம்பர் மாதத்தை ஒட்டி இம்மரம் இலையுதிர்க்கும். ஜனவரியில் தளிர் விடும். தளிரின் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் இனிய நீர் ஊறுகிறது. நம் ரப்பர்த் தேன் இந்த இலை நீரிலிருந்து கிடைப்பது என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு மரத்தடியிலேயே காட்டலாம். தேன் என்றால் பூவிலிருந்து மட்டுமே வரும் என்ற எண்ணம் அப்போது நீங்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள இந்தச் சில மாதங்களே தேன் பருவம். மே முதல் செப்டம்பர் வரை மழையும் பஞ்சமும். இடையிலுள்ள அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூட்டம் பெருகும் காலம். பெருகும் காலமே பிரியும் காலமுமாகும். டிசம்பரில் ஒரு கூட்டம் பிரிந்து பாதித் தேனீக்கள் வெளியேறிவிட்டால், ஜனவரியில் மரம் தரும் நீரைக் கொண்டுவர ஆளில்லாமல் போகிறது. மீதியுள்ள கூட்டம் தன்னைத் தேற்றிக்கொள்வதற்குள் பருவம் முடிந்துவிடும்.

இனி இராணியைக் காண்போம். அதன் தொழில் முட்டையிடுவது. வளமான நாட்களில் நாளொன்றுக்குப் பல நூறு முட்டைகள் இடும். எந்தக் கண்ணறையைக் கட்டுவது, எத்தனை புழுக்களை வளர்ப்பது, எப்போது உணவு தேடச் செல்வது என்பவற்றுள் எதையும் அது கட்டளையிடுவதில்லை. அதற்கு ஊட்டப்படும் உணவைக் கூட்டியும் குறைத்தும் முட்டைகளின் எண்ணிக்கையையே வேலைக்காரத் தேனீக்கள் மாற்றிவிடுகின்றன. ஆனால் இராணி கூட்டத்தில் இருக்கிறது என்ற செய்தி மட்டும் ஒவ்வொரு தேனீக்கும் இடைவிடாது எட்டிக்கொண்டிருக்க வேண்டும். அச்செய்தி எவ்வாறு பரவுகிறது என்பதை இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பட்லர் 1950-களில் ஆராய்ந்தார். இராணியின் தலையிலுள்ள சுரப்பிகளில் ஒரு பொருள் சுரக்கிறது. அதனைச் சூழ்ந்து நிற்கும் தேனீக்கள் வாயாலும் உணர்கொம்புகளாலும் அதனைப் பெற்று, பிற தேனீக்களைத் தொடும்போது அவற்றுக்கும் அளிக்கின்றன. இப்பொருளின் முக்கியமான பகுதி ஒருவகைக் கொழுப்பமிலம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. இது கிடைத்துக்கொண்டிருக்கும் வரை வேலைக்காரத் தேனீக்கள் புதிய இராணியை வளர்க்க முற்படுவதில்லை. இராணியை எடுத்துவிட்டால் ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே கூட்டத்தில் அமைதியின்மை தோன்றுவதைப் பெட்டியருகே நிற்கும் எவரும் உணரலாம்.

குடி பிரிவதன் காரணம் இப்போது விளங்கும். பெட்டியில் நெருக்கம் மிகுந்தால் இந்தச் சுரப்பு எல்லாத் தேனீக்களுக்கும் போதிய அளவு சென்று சேர்வதில்லை. இராணிக்கு வயது ஏறினாலும் சுரப்புக் குறைகிறது. ஆகவேதான் இளம் இராணியுள்ள கூட்டம் எளிதில் பிரிவதில்லை. மேலும் இராணியின் பாதங்களிலிருந்து கசியும் மற்றொரு பொருள், அது நடந்து செல்லும் அடையின்மீது படிகிறது. அப்பொருள் படிந்த இடத்தில் இராணிக்குரிய கிண்ணங்களைத் தேனீக்கள் கட்டுவதில்லை என்று இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர் 1981-இல் மேல்நாட்டுத் தேனீயிடம் கண்டனர். நெருக்கம் மிக்க கூட்டத்தில் இராணி அடையின் கீழ் விளிம்பு வரை வருவது அரிது. பிரிவதற்கான இராணிக் கண்ணறைகள் கீழ் விளிம்பில் தொங்குவதன் காரணத்தை அறிய விரும்புவோர்க்கு இது ஒரு நல்ல விடை.

அடையாளங்களுள் முதலில் தோன்றுவது ஆண் தேனீ. இந்தியத் தேனீயின் ஆண் கண்ணறை மூடி கூம்பு வடிவமாயிருக்கும். அதன் உச்சியில் ஊசியால் குத்தியது போன்ற சிறு துளை ஒன்று காணப்படும். மேல்நாட்டுத் தேனீயின் கண்ணறையில் இது இல்லை. ஆண் தேனீ வெளிவரும் காலத்தில் கெட்டியான இம்மூடிகள் பெட்டியின் அடிப்பலகையில் உதிர்ந்து கிடக்கும். சட்டத்தைத் தூக்கிப் பார்க்காமலேயே, அடிப்பலகையைத் துடைக்கும்போது இவற்றைக் கண்டு, கூட்டம் பிரியும் எண்ணம் கொண்டுள்ளது என்று அறியலாம். பள்ளிகளில் இம்மூடிகளைச் சேகரித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டுவது எளிது, செலவும் இல்லை.

அடுத்து இராணிக் கண்ணறைகள். எல்லா இராணிக் கண்ணறைகளும் ஒரே செய்தியைக் கூறுவதில்லை. களப் பணியில் மிகுதியாகத் தவறு நேரும் இடம் இதுவே. அடையின் கீழ் விளிம்பில், வயதில் சிறிது சிறிது வேறுபட்ட பல கண்ணறைகள் தொங்கினால் கூட்டம் பிரியப்போகிறது. அடையின் நடுப்பரப்பில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால், முதுமையுற்ற அல்லது குறையுள்ள இராணியை மாற்றிக்கொள்ளும் முயற்சி அது. அதில் கை வைக்கலாகாது. சாதாரண வேலைக்காரக் கண்ணறைகளே அவசரமாக நீட்டப்பட்டு இராணிக் கண்ணறைகளாக்கப்பட்டிருந்தால், இராணி இறந்துவிட்டது அல்லது நம் கையாலேயே நசுங்கிவிட்டது என்று கொள்க.

நாட்கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால் பிற யாவும் எளிதாகும். இராணிக்குரிய முட்டை மூன்று நாளில் பொரிந்து, ஐந்து நாள் புழுவாக வளர்கிறது. ஏறக்குறைய எட்டாம் நாள் கண்ணறை மூடப்படுகிறது. 15 அல்லது 16-ஆம் நாள் கன்னி இராணி வெளிவருகிறது. வேலைக்காரத் தேனீக்கு 18 முதல் 20 நாட்களும், ஆண் தேனீக்கு 24 நாட்களும் ஆகும். கண்ணறை மூடப்படும் தருவாயில்தான் பழைய இராணியுடன் முதற்குடி புறப்படுவது வழக்கம். எனவே பெருகும் காலத்தில் வாரம் ஒருமுறை சட்டங்களைப் பார்ப்பவனை எந்தக் கூட்டமும் ஏமாற்றுவது கடினம். இருபது நாளைக்கு ஒருமுறை பார்ப்பவன் வெறும் பெட்டியைக் கண்டு வியப்படைவான்.

புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே வேலைக்காரத் தேனீக்கள் இராணிக்கு ஊட்டும் உணவைக் குறைத்துவிடுகின்றன. அதனை ஓரிடத்தில் நிற்க விடாமல் நெட்டித் தள்ளுகின்றன. முட்டையிடுவது குறைந்து இராணியின் வயிறு சுருங்குகிறது. அதனால்தான் அது பறக்கும் தகுதி பெறுகிறது. அரசியைப் பட்டினியிட்டுப் பயணத்திற்கு ஆயத்தம் செய்யும் குடிமக்களை நாம் வேறெங்கும் காண முடியாது! வெயிலுள்ள ஒரு நாளில் தேனீக்கள் வயிறு நிறையத் தேன் குடித்துக்கொண்டு வாயில் வழியே பெருக்கெடுத்து வெளிவருகின்றன. இராணி முன்னால் வருவதும் இல்லை, வழிகாட்டுவதும் இல்லை. நடுவில் எங்கோ வெளியே தள்ளப்படுகிறது. அருகிலுள்ள கிளையில் கொத்தாகத் தொங்குகிறது புதுக்குடி. இந்நிலையில் அதனைக் கண்டு அஞ்சித் தீப்பந்தம் கொளுத்துவோர் பலர். வயிறு நிறைந்து, காக்க வேண்டிய வீடும் புழுக்களும் இன்றித் தொங்கும் இத்தேனீக்கள் பெரும்பாலும் கொட்டுவதில்லை என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் வாயிலாக ஊருக்குச் சொல்லுதல் நன்று.

கிளையில் தொங்கும்போது நடப்பது இன்னும் வியப்புக்குரியது. 1949-இல் ஜெர்மானிய விஞ்ஞானியாகிய மார்ட்டின் லிண்டவர், இத்தகைய கொத்தின்மீது சில தேனீக்கள் நடனமாடுவதைக் கண்டார். உணவிருக்கும் திசையை அறிவிக்க ஆடும் அதே நடனம். ஆனால் ஆடிய தேனீக்கள் மகரந்தம் கொண்டுவரவில்லை. அவற்றின் உடலில் புகைக்கரியும் தூசியும் படிந்திருந்தன. அவை புகைபோக்கிகளையும் சுவர் விரிசல்களையும் ஆராய்ந்துவிட்டு வந்த ஒற்றர்கள்! ஒவ்வோர் ஒற்றனும் தான் கண்ட பொந்தை நடனத்தால் விளம்பரம் செய்கிறது. நல்ல பொந்தைக் கண்டது நீண்ட நேரம் ஆடுகிறது; நடுத்தரமான பொந்தைக் கண்டது விரைவில் ஓய்கிறது. பிற ஒற்றர்களும் சென்று பார்த்துவிட்டு வந்து ஆடுகின்றன. பின்னர் அமெரிக்காவில் தாமஸ் சீலி பல ஆண்டுகள் இதனை அளந்து ஆராய்ந்தார். ஏதேனும் ஒரு பொந்தில் ஒரே வேளையில் இருபது முப்பது ஒற்றர்கள் கூடிவிட்டால் முடிவு ஏற்பட்டுவிட்டதாகக் கொண்டு, அவை கொத்துக்குத் திரும்பிப் பிற தேனீக்களை உடற்சூடேற்றிப் பறக்கத் தூண்டுகின்றன என்று அவர் கண்டார். இவ்வாராய்ச்சிகள் மேல்நாட்டுத் தேனீயைப் பற்றியவை. நம் தேனீயும் ஒற்றர் நடனத்தின் வழியாகவே வீடு தேடுகிறது. இவ்வளவு விவகாரமும் நடக்கும்போது இராணி கொத்தின் நடுவே ஒருபுறமாக இருக்கிறது. அதன் கருத்தைக் கேட்பார் இல்லை. எனினும் பறக்கும் வழியில் இராணி உடன் வரவில்லை என்று தெரிந்தால் கூட்டம் முழுவதும் திரும்பிவிடும். கட்டளையிடும் அதிகாரம் இல்லாமலேயே இன்றியமையாதிருத்தல் என்பது இதுதான்.

பழைய பெட்டியில் விடப்பட்டவை மூடிய இராணிக் கண்ணறைகளும் இளம் தேனீக்களும். முதலில் வெளிவரும் கன்னி இராணி, மெல்லிய குழலோசை போன்ற ஒலி எழுப்புகிறது. இன்னும் கண்ணறைக்குள் அடைபட்டிருக்கும் மற்ற இராணிகள் உள்ளிருந்தே எதிரொலி கொடுக்கின்றன. பெட்டியில் காதை வைத்தால் மாலை வேளையில் இதைக் கேட்கலாம். இவ்வொலி கேட்டால் இரண்டாம் குடியும் புறப்படலாம் என்று அறிக. நம் தேனீக்கு இவ்வாறு மீண்டும் மீண்டும் பிரியும் இயல்பு மிகுதி. இரண்டாவதும் மூன்றாவதுமாகப் புறப்படுபவை சிறியவை. தாய்க்கூட்டமும் இளைத்து, மெழுகு அந்துப்பூச்சிக்கு இரையாகிவிடும்.

இங்கு மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் குடி பிரிவதற்கு ஒரு சொல்லும், கூட்டம் முழுவதும் பெட்டியை விட்டு நீங்கிவிடுவதற்கு வேறொரு சொல்லும் உள்ளன. நம் ஊரில் இரண்டையும் "ஓடிப்போயிற்று" என்றே கூறுகின்றனர். அரசாங்கக் குறிப்புகளை மொழிபெயர்ப்போரும் சில வேளைகளில் இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதிவிடுவதால், ஒன்றுக்குரிய பரிகாரம் மற்றொன்றுக்குச் செய்யப்படுகிறது. முன்னதைக் குடி பிரிதல் என்றும், பின்னதைக் குடி பெயர்தல் என்றும் வழங்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. குடி பிரிதல் செழிப்பின் விளைவு. நம் குடும்பங்களில் தனிக்குடித்தனம் போவோர் இளையவர்கள். தேனீக் குடும்பத்திலோ மூத்தவள் புறப்பட்டு, கட்டிய வீட்டையும் சேர்த்த பொருளையும் மகளுக்கு விட்டுச் செல்கிறாள். குடி பெயர்தல் துன்பத்தின் விளைவு. மழைக்காலப் பஞ்சம், எறும்பு, அந்துப்பூச்சி, நோய், அடிக்கடி பெட்டியைத் திறத்தல் ஆகியவற்றால் கூட்டம் முழுவதும் வெளியேறும். வெற்று அடைகளே எஞ்சும். ஜூலையில் பெட்டி காலியானால் சர்க்கரைப் பாகு கொடுத்தோமா, தாங்கு கால்களுக்கு எறும்புத் தடை வைத்தோமா என்று கேட்க வேண்டும். நவம்பரில் பாதி காலியானால் இடம் கொடுத்தோமா என்று கேட்க வேண்டும்.

குடி பிரிவதைத் தடுக்க இராணிக் கண்ணறைகளை நசுக்கிவிடுமாறு சிலர் அறிவுரை கூறுவர். நெருக்கம் தீராதவரை தேனீக்கள் அடுத்த வாரமே புதியவற்றைக் கட்டும். ஒரு கண்ணறை நம் பார்வைக்குத் தப்பினாலும் வேலை வீணாகும். இராணியின் இறகை நறுக்கும் வழக்கமும் இத்தகையதே. பறக்க இயலாத இராணி தரையில் விழுந்து மடியும். பின்னர் கன்னி இராணியுடன் கூட்டம் புறப்பட்டுவிடும். தேனீக்கள் எதைச் செய்ய விரும்புகின்றனவோ அதனை நாமே முன்னதாகச் செய்துவிடுவதுதான் சிறந்தது. அதாவது அக்டோபரில், மழை ஓய்ந்து மகரந்தம் பெருகத் தொடங்கியவுடன், வலுவுள்ள கூட்டத்தை நாமே இரண்டாகப் பிரித்துவிட வேண்டும்.

ஏன் அக்டோபர் என்று கேட்கலாம். இராணியில்லாத பாதி, ஒரு நாள் வயதுள்ள புழுவைத் தேர்ந்து இராணியாக வளர்க்கிறது என்று கொள்வோம். அந்த இராணி வெளிவரப் பன்னிரண்டு நாட்கள். அது முதிர்ந்து, வானில் பறந்து கூடி, முட்டையிடத் தொடங்க மேலும் பத்து நாட்களேனும் ஆகும். அம்முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர இருபது நாட்கள். பிறந்த தேனீ ஏறக்குறைய மூன்று வாரம் பெட்டிக்குள் வேலை செய்த பிறகே வெளியே உணவு தேடப் புறப்படும். கூட்டிப் பார்த்தால் அறுபது நாட்களுக்கு மேலாகிறது. அக்டோபர் பதினைந்தில் பிரித்தால் டிசம்பர் இறுதியில் புதுக்கூட்டத்தின் சொந்தத் தேனீக்கள் வெளியே செல்லும். ரப்பர் தளிர்க்கும்போது அவை ஆயத்தமாயிருக்கும். டிசம்பரில் பிரித்தால் இரண்டு பெட்டி இருக்கும், தேன் இராது. மூடிய இராணிக் கண்ணறை ஒன்றைக் கொடுத்துப் பிரித்தால் ஒரு வாரம் மிச்சமாகும்.

பிரிக்கும் முறை கடினமானதன்று. புழு அடைகளையும் தேன், மகரந்த அடைகளையும் தேனீக்களுடன் இரு பெட்டிகளுக்கும் பங்கிட்டு, பழைய பெட்டி இருந்த இடத்திற்கு இருபுறமும் சம தூரத்தில் அவற்றை வைக்க வேண்டும். வெளியே சென்று திரும்பும் தேனீக்கள் பழைய இடத்தைக் காணாமல் இரண்டிலும் புகும். ஒரு பெட்டியில் மிகுதியாகப் புகுந்தால் அதனைச் சற்று விலக்கி வைத்தால் போதும். இராணியில்லாத பாதியில் முட்டையும் மிக இளம் புழுவும் உள்ள அடை ஒன்றேனும் கட்டாயம் இருக்க வேண்டும்.

எந்தக் கூட்டத்தைப் பிரிப்பது என்பது இன்னும் பெரிய வினா. தாய்லாந்தில் 1976-இல் கண்டறியப்பட்ட பைப்புழு நோய் என்னும் வைரஸ் நோய் 1991-92-இல் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பரவிற்று. புழுக்கள் நீர் நிறைந்த பைகள் போலாகி இறந்தன. பத்துப் பெட்டிகளில் ஒன்பதுக்கு மேல் அழிந்த இடங்கள் பல; தலைமுறையாக இத்தொழில் செய்த குடும்பங்கள் வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு வேறு வேலை தேடின. பின்னர், நோயைத் தாங்கி நின்ற சில கூட்டங்களிலிருந்தும் காட்டிலும் பொந்திலும் தப்பிய குடிகளிலிருந்துமே இத்தொழில் மீண்டும் எழுந்தது. ஒரு கூட்டத்தின் குணம் தாய் வழியே மகளுக்குச் செல்கிறது. நோயைத் தாங்கும் திறன் அவ்வாறு செல்வது போலவே, அடிக்கடி பிரியும் இயல்பும் செல்கிறது. கீழ் விளிம்பில் கொத்துக் கொத்தாக இராணிக் கண்ணறைகள் தொங்கும் பெட்டியிலிருந்து அவற்றை எடுத்து ஊர் முழுவதும் பங்கிடுவது எளிது. ஆனால் அவ்வாறு செய்வோர் பிரியும் குணத்தையே ஊர் முழுவதும் விதைக்கின்றனர். நோயின்றி, நிறையத் தேன் தந்து, எளிதில் பிரியாத கூட்டத்தின் புழுவிலிருந்தே இராணியைப் பெற வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கன்னி இராணி பெட்டிக்குள் கூடுவதில்லை என்பதை ஜெனீவாவைச் சேர்ந்த ஹூபர், தாம் பார்வையிழந்திருந்தும் தம் பணியாளரான பர்னென்ஸின் கண்களைக் கொண்டு ஆராய்ந்து 1792-இல் வெளியிட்டார். அது வானில் பறந்து, பல கூட்டங்களைச் சேர்ந்த பத்துக்கு மேற்பட்ட ஆண் தேனீக்களுடன் கூடுகிறது. ஆகவே தந்தை வழியைத் தனி ஒருவர் தேர்ந்தெடுக்க இயலாது. ஒரு கிராமத்தில் தேனீ வளர்ப்போர் அனைவரும் கலந்து பேசி, நல்ல கூட்டங்களில் ஆண் தேனீ அடைகளை வளரவிட்டு, தீய கூட்டங்களில் அவற்றை வெட்டி அகற்றினால்தான் பயன் விளையும். களப் பணியாளர் ஊர்க்கூட்டம் கூட்டும்போது முதலில் எடுத்துக்கொள்ளத்தக்க பொருள் இது.

எவ்வளவு முயன்றாலும் சில குடிகள் பிரியவே செய்யும். கிளையில் தொங்கும் குடியின்மீது சிறிது நீர் தெளித்து, துணிப்பையையோ கூடையையோ கீழே ஏந்திக் கிளையை உலுக்கினால் கொத்து அப்படியே விழும். வெயில் தாழ்ந்த பின் பெட்டியில் இடுக. வேறொரு கூட்டத்திலிருந்து புழுவுள்ள அடை ஒன்றை நடுவில் வைத்தால் தேனீக்கள் அதனை விட்டுப் போக மனம் கொள்ளா. வேலைக்காரத் தேனீ மட்டும் நுழையத்தக்க இடைவெளியுள்ள இராணித் தடுப்பை வாயிலில் சில நாட்கள் பொருத்தி, இரவில் சர்க்கரைப் பாகு கொடுக்க வேண்டும். பிடித்தது இரண்டாம் குடியாயின் உள்ளிருப்பது கன்னி இராணி. அது வானில் பறந்து கூட வேண்டியிருப்பதால் அப்பெட்டிக்குத் தடுப்பு வைக்கலாகாது.